நினைவு மலருக்கு வரி போட்டவர்

அவரை நான் முதன்முதலில் கண்டது சாப்பாட்டுப் பந்தியில், என் அண்ணை செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று. விடியக் கீரிமலைக்குப் போய்க் கிரியைகளை முடித்துக்கொண்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரைக் கூப்பிட்டிருந்தோம். நான்காம் பந்தியில், கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சேட்டோடு ஒருவர் இருந்தார். பாயாசத்தை இலையில் ஊற்றச் சொல்லி, அதற்குள் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, வாழைப்பழத்தையும் பிசைந்து, கையைக் குழித்து வழித்து உறிஞ்சினார். முழங்கைவரை ஒழுகியது. அதையும் நக்கினார். மூன்று தரம் பாயாசம் கேட்டார். மூன்று தரமும் நான்தான் ஊற்றினேன். மூன்றாம் தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினேன்.

மச்சாளின் பக்கத்து ஆளாக்கும் என்று நான் நினைத்தேன். அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவது. அவருடைய சனமோ எங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்திருக்கிறது.

கை கழுவியதும் அந்த மனிதர் நேரே போனது நினைவு மலர் அடுக்கியிருந்த மேசைக்கு. எங்கள் ஊர்களில் அந்தியேட்டிக்கு ஒரு நினைவு மலர் அடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். செத்தவரின் படம், தேவாரம், வம்சாவளி, பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி. நடுவில், ஒரு புலவரைப் பிடித்துச் செத்தவரின் பெருமையைப் பாட்டாக எழுதுவித்துப் போடுவோம். பூமாலைக்குள் வாழைநார் கிடப்பதுபோல அந்தப் பாட்டுக்குள் பொய் கிடக்கும். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. மலரை வீட்டுக்குக் கொண்டுபோய், படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அலுமாரிக்கு மேலே எறிந்துவிடுவோம்.

இவர் இரண்டு பிரதி எடுத்தார். "ஒண்டு வீட்டுக்கு, ஒண்டு வேலை செய்யிற கந்தோருக்கு" என்றார். பெருவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, நின்ற நிலையிலேயே நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் வாசித்தார். பிறகு பக்கத்தில் பல் குத்திக்கொண்டு நின்ற ஓய்வுபெற்ற தபாலதிபரிடம், "ஐயா, உதிலை உள்ளதெல்லாம் உண்மைதானே?" என்று கேட்டார்.

சாப்பிட்ட வீட்டில் நின்றுகொண்டு தபாலதிபர் வேறு என்னத்தைச் சொல்லுவார்?

"உண்மையோ? உதிலை பாதிதான் போட்டிருக்கினம். மிச்சம் மலரிலை கொள்ளேல்லை."

அவர் இரண்டு மலரையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அண்ணையின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

படத்தில் இருந்த என் அண்ணை அச்சுவேலியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். முப்பத்தொரு வருடம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்ததால் சனம் அவரை முதலாளி என்று கூப்பிட்டது. அண்ணை மறுக்கவில்லை. உண்மையான முதலாளி கொழும்பில் இருந்தார், அவரும் மறுக்கவில்லை. அண்ணையின் ஒரே மகன் பத்தொன்பது வயதில் கனடாவுக்குப் போனவன். அவனுக்குக் கடை அப்பாவின் கடைதான். அதற்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கடைகளும், கடைக்குச் சாமான் கொண்டுவந்த லொறிகளும் எப்போது அப்பாவுடையதாயின என்பது எனக்குத் தெரியாது. தொலைபேசியில் புலவருக்கு விவரம் சொன்னவன் அவன்தான். புலவர் இப்படி எழுதியிருந்தார்:

அச்சுவேலிச் சந்தியிலே அணிவகுத்த கடைமூன்றும்
பச்சைநிற லொறியிரண்டும் பாங்குடனே வைத்தாண்டு
இச்சையுடன் வந்தவர்க்கு இல்லையென்ற சொல்லறியான்
மெச்சுபுகழ் கொண்டவனை மேதினியார் மறப்பாரோ.

அச்சகத்தில் பிழை பார்த்தவன் நான். ஏழு ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன். மற்றது என் வேலையில்லை என்று விட்டுவிட்டேன். அதுதானே வழக்கம்.

அண்ணை விட்டுப்போனது ஒரு வீடும், வங்கியில் ஒரு நிலையான வைப்பும். அந்த வைப்பின் மாத வட்டிதான் மச்சாளின் அரிசி, மா, பிறசருக்குப் போடுகிற குளிசை எல்லாம். அதை இருவர் பெயரிலும் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தன் பெயரில் மட்டும் போட்டது அண்ணையின் பெருமை. அவர் செத்த மாதத்தோடு வட்டி நின்றது. நீதிமன்றத்துக்கு நடந்து, சொத்துக்கு நிர்வாகியாக என்னை நியமிக்கும் கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், அங்கே இருந்த பெடிச்சி, "வரிக் கந்தோரிலை பாக்கி ஒண்டும் இல்லை எண்டு ஒரு கடிதம் வேணும் ஐயா" என்றாள்.

கனடாவில் மகன் இருக்கிறானே, அனுப்பமாட்டானா என்று கேட்பீர்கள். கேட்டால் அனுப்புவான். மூன்று கடையும் இரண்டு லொறியும் உள்ள வீட்டிலிருந்து அரிசிக்குக் காசு கேட்பது எப்படி? மச்சாள் கேட்கவில்லை, நான் கொடுத்ததையும் வாங்கவில்லை. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். "இரவிலை சாப்பிட்டா எனக்குச் செமிக்கேல்லைத் தம்பி" என்று என்னிடம் சொன்னார்.

வரிக் கந்தோர் மேல்மாடியில். இலக்கத் துண்டு எடுத்து, வியர்வையும் பழைய கடதாசியும் மணக்கிற ஒரு கூடத்தில் காத்திருந்து, என் முறை வந்து உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் இருந்தவர் அந்தப் பாயாசக்காரர்.

"வாங்கோ மாஸ்டர், இருங்கோ. உங்கடை அண்ணையின்ரை அந்தியேட்டிச் சாப்பாட்டை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

நான் கடதாசிக் கோவையை நீட்டினேன். அவர் அதைத் திறக்கவில்லை, மேசை லாச்சியைத் திறந்தார். ஒரு பக்கத்தில் முத்திரைக் கட்டைகள். இன்னொரு பக்கத்தில் ஒரு சரை முறுக்கு, அதன் எண்ணெய் ஊறிய பேப்பர். மிச்சம் முழுவதும் நினைவு மலர்கள். கரவெட்டி ஒரு கட்டு, தெல்லிப்பழை ஒரு கட்டு, அச்சுவேலி ஒரு கட்டு என்று றப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தார். எத்தனை முகங்கள்! செத்தவர்கள் எல்லாரும் முறுக்கு எண்ணெய் வாசத்தோடு படுத்துக் கிடந்தார்கள்.

அண்ணையை உருவி எடுத்தார். விரலை நக்கினார். பிறகு, நான் என்னத்துக்கு வந்தேன் என்று கேட்காமல், பழைய நாட்களில் செத்தவீட்டில் கல்வெட்டு என்ற புகழ்ப்பாட்டைப் பாடுகிற இராகத்தில் அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கினார். பக்கத்து மேசைப் பெண்கள் தலையைத் தூக்கவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது போலும். 'மேதினியார் மறப்பாரோ' என்ற இடத்தில் நிறுத்தினார். லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்து, அதே லேஞ்சியில் மூக்கையும் சிந்தி, அதே கையால் பேனையை எடுத்தார்.

"இப்பிடி ஒரு மனிசன்! நாங்களெல்லாம் புழுக்கள், மாஸ்டர். சரி, மூண்டு கடை. வாடகை மாதம் எவ்வளவு வந்திருக்கும்?"

நான் சொன்னேன். கடை அண்ணையுடையது அல்ல. அவர் அங்கே சம்பளத்துக்கு இருந்தவர். லொறி அவர் ஏறிப் போனது, வைத்திருந்தது அல்ல.

அவர் என்னை அன்போடு பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கன்னம் துடிக்கிறது.

"தம்பிமார் இப்பிடித்தான் கதைப்பினம். அடக்கம் உங்கடை குடும்பச் சொத்து எண்டு மலரிலை பதினோராம் பக்கத்திலை போட்டுக் கிடக்கு."

"கடையின்ரை உறுதிப் பத்திரத்தைப் பாருங்கோ. முதலாளியின்ரை பேரிலை இருக்கு."

"இருக்கட்டும். பெரிய மனிசர் தங்கடை பேரிலை ஒண்டும் வச்சிருக்கமாட்டினம் மாஸ்டர். குடுத்துப்போடுவினம், இல்லாட்டி ஆற்றையும் பேரிலை விட்டிருப்பினம். இச்சையுடன் வந்தவர்க்கு இல்லையென்ற சொல்லறியான்!"

"அது பாட்டு!"

"புகழுக்கு ஆதாரம் கேட்கப்படாது. மறுக்கிறவர்தான் ஆதாரம் காட்டவேணும்."

இதுதான் அவருடைய மந்திரம். எத்தனை தரம் சொல்லியிருப்பாரோ. நான் முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவன். தேற்றத்தைத் தலைகீழாக நிறுத்துகிற பிள்ளைகளைப் பிரம்பால் திருத்தியிருக்கிறேன். இவருக்கு யாரும் பிரம்பு காட்டவில்லை. அன்றைக்கே வங்கிக்குக் கடிதம் எழுதினார்: வாடகைக்கும் லொறிக் கூலிக்கும் உரிய வரி தீரும்வரை வைப்பை விடவேண்டாம். அவர் போட்ட தொகை வைப்பையே தின்றுவிடும்.

இலஞ்சத்துக்கு அடிப்போடுகிறார் என்று நினைத்தேன். நினைத்து, ஒரு நாள் ஒரு பெட்டி கொழுக்கட்டை கொண்டுபோனேன், பெட்டிக்கு அடியில் ஓர் உறையோடு. கொழுக்கட்டையை மேசையிலேயே தின்றார், வாய்க்கடையில் சர்க்கரை வழிய. உறையைத் துடைத்து என் சட்டைப் பையில் வைத்து, "இது உங்களிட்டை இருந்து தவறி விழுந்திட்டுது மாஸ்டர். உங்கடை குடும்பத்துக்கு இந்தப் பழக்கம் இருக்காது" என்றார். கள்ளன் என்றால் ஒரு விலையோடு முடிந்திருக்கும். இவரை எந்த விலைக்கும் அசைக்க முடியாது. அதைவிட அருவருப்பான ஒன்றை நான் கண்டதில்லை.

அவர் ஒருவரைப் பற்றியும் கெட்டதாக நம்புவதில்லை. செத்தவரைப் பற்றி எந்த நல்லதையும் நம்பாமல் விடுவதுமில்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு டொக்டர் இருந்தார். காசை மேசையில் வைத்தபிறகுதான் நாடியில் கை வைப்பார். அவருடைய மலரில் 'ஏழையிடம் காசு வாங்காத ஏந்தல்' என்று போட்டார்கள். இவர் அந்த வரியை வாசித்து அழுது, வருமானம் மிகச் சொற்பம் என்று கோவையை மூடிவிட்டார். கரவெட்டியில் ஒரு வட்டிக்காரர். நகையை அடகு பிடித்து, அறாவட்டி வாங்கி இரண்டு மாடி கட்டியவர். 'வட்டி அறியா வள்ளல்' என்று மலர் வந்தது. வட்டி வருமானம்: இல்லை. கோவை மூடப்பட்டது.

இது மெல்ல மெல்ல வெளியே தெரியவந்தது. கெட்டிக்காரச் சனம் அல்லவா நாங்கள்? அதற்குப் பிறகு வந்த மலர்களில் செத்தவர்கள் எல்லாரும் வறுமையில் வாழத் தொடங்கினார்கள். நாலு வாகனம் வைத்திருந்தவர் 'கால்நடையாய்க் காலம் கழித்தவர்' ஆனார். நான் மலர் அடித்த அச்சகத்துக்காரன் ஒரு நாள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாஸ்டர், இப்ப இரண்டு விதமாயும் அடிக்கிறம். சனத்துக்கு வேறை, வரிக்கு வேறை. அண்ணைக்கு வரிக்கு ஒரு பத்துப் பிரதி அடிச்சுத் தரட்டோ?"

"அவரிட்டை முதல் அடிச்சது இரண்டு கிடக்கடா."

"அப்ப அண்ணை முந்திச் செத்திட்டார்" என்றான், உண்மையான கவலையோடு.

இந்தப் பக்கத்தில் வரியும் ஒழுங்கில்லை, சாவும் ஒழுங்கில்லை. பொய்யை எழுதிய குடும்பங்கள் தப்பின, பொய்யை எழுதிய எங்கள் குடும்பம் மாட்டியது. இரண்டுக்கும் நடுவில், எச்சில் விரலோடு அந்த மனிதர் கண்கலங்கிக்கொண்டு இருந்தார்.

ஒரு நாள் கோபத்தில் கேட்டேன், "நீங்கள் ஏன் உந்தச் செத்தவீட்டுப் பேப்பர்களைக் கட்டிக்கொண்டு அழுறியள்? ஆர் உதை வாசிக்கினம்?"

முறுக்கை வாயில் வைத்தவர் திருப்பி எடுத்தார்.

"என்னைப் பெத்த ஐயாவுக்கு ஒரு துண்டுப் பேப்பர்கூட அடிக்கேல்லை மாஸ்டர். சண்டை நேரம் ஊரோடை இடம்பெயர்ந்து போகேக்கை றோட்டிலை செத்தவர். சனம் நிக்கேல்லை. நானும் அம்மாவும் ஒரு வேலிக்கரையிலை வச்சுத் தாட்டுப்போட்டு நடந்தனாங்கள். எந்த வேலி எண்டு எனக்கு இப்ப தெரியாது." முறுக்கைப் பார்த்தார். "ஒருத்தர் செத்து, நாலு சனம் கூடி, நாலு வரி நல்லதாய் எழுதிக் கிடந்தா, அதைப் பொய்யெண்டு சொல்ல எனக்கு என்ன தகுதி?"

பிறகு முறுக்கைக் கடித்தார். நான் கோவையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். எரிச்சல் தீர, வீட்டுக்கு வந்து மச்சாளிடம் அதைச் சொன்னேன்.

அவர் கடைசியாகக் கண்ட வழி ஒரு சத்தியக் கடதாசி. மனைவியும் மகனும் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும்: இன்னாருக்குக் கடை இருந்ததில்லை, லொறி இருந்ததில்லை, அவர் கூலிக்குக் கணக்கு எழுதியவர், மலரில் உள்ளது பொய்.

மகனுக்கு அழைப்பெடுத்தேன். அங்கே விடியப்புறம்.

"சித்தப்பா, வரிக் கந்தோரே மூண்டு கடை எண்டு சொல்லுது. நீங்கள் மட்டும் ஏன் இல்லை எண்டுறியள்?"

"கந்தோர் உன்ரை பாட்டைப் பாத்துச் சொல்லுதடா!"

"அப்பா எனக்குப் பொய் சொன்னவரோ?"

"அவர் சொல்லேல்லை. நீ கேக்கேல்லை."

அங்கே கதவொன்றைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்த உறுதியள் இப்ப ஆரிட்டைக் கிடக்கு, சித்தப்பா?" என்றான்.

விளங்கிற்றா? கடைகளை நான் விழுங்கிவிட்டேன். இல்லாத மூன்று கடையையும் இரண்டு லொறியையும், பல்லில்லாத இந்தக் கிழவன் விழுங்கிவிட்டான். தொலைபேசியை வைத்துவிட்டு வாயைக் கொப்புளித்தேன்.

மச்சாளும் கையெழுத்து வைக்க மறுத்தார்.

"அந்த மனிசன் வீட்டிலை இருந்து வெளிக்கிட்டு இன்னும் ஆட்டைத் திவசம்கூட முடியேல்லை. அதுக்குள்ளை அவரைச் சின்னாளாக்கி நான் கையெழுத்து வைக்கவோ? அதைப் பிள்ளை வாசிக்கவோ? எனக்குச் சோறு வேண்டாம் தம்பி."

"சோறு வேண்டாமெண்டு சொல்லலாம். குளிசை?"

"குளிசையும் வேண்டாம்."

இரண்டு கிழமை கழித்து முற்றம் கூட்டும்போது தலைசுற்றி விழுந்தார். நெற்றியில் ஒரு காயம். குளிசைப் போத்தலைத் திறந்து பார்த்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பாதி பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். இன்னும் நாலு பாதி கிடந்தது. நான் சத்தம் போட்டேன். அவர் காயத்துக்கு மஞ்சள் அப்பினார். அடுத்த நாள் விடிய வெள்ளைச் சீலை உடுத்து வாசலில் நின்றார்.

"உந்த மனிசனிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வாயாலை சொல்லுறன். கடதாசியிலை வேண்டாம், பிள்ளையின்ரை கண்ணிலை படும்."

கந்தோரில் மச்சாளைக் கண்டதும் அந்த மனிதர் எழுந்து, கதிரையைத் தன் லேஞ்சியால் துடைத்து இருக்க வைத்தார். (அந்த லேஞ்சி!) ஏதோ கோயிலுக்குள் போனவர்போலக் கைகட்டி நின்றார்.

"அம்மா, உங்களைக் காணக் கிடைச்சது என்ரை பாக்கியம்."

"ஐயா, அவர் கணக்கப்பிள்ளை. சம்பளத்துக்கு இருந்தவர். கடை எங்கடை இல்லை."

"மாஸ்டரும் இதைத்தான் சொன்னவர்." அதே சிரிப்பு. "நீங்கள் புருசனின்ரை பெருமையை வாயாலை சொல்லாத ஆள் எண்டு எனக்கு முதலே தெரியும். அவருக்கேத்த மனுசி."

"நாங்கள் ஏழையள் ஐயா."

"இருக்கேக்கை எல்லாத்தையும் குடுத்தா, கடைசியிலை ஏழையாய்த்தான் நிக்கவேண்டிவரும், அம்மா."

மச்சாள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மனிதருக்கு உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்பது எனக்கு விளங்க எட்டுமாதம் எடுத்தது. அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

"அப்ப கேளுங்கோ ஐயா" என்றார். குரல் மாறியிருந்தது. "அந்தாள் கள்ளன். கல்லாவிலை கை வைக்கிறவர். இடம்பெயர்ந்து போகேக்கை முதலாளியின்ரை காசுப் பையைக் காவிக்கொண்டு போனவர். சனம் றோட்டிலை செத்துக்கொண்டிருக்கு, இவர் பையைக் காட்டாமல் சாரத்துக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு நடந்தவர். திருப்பிக் குடுக்கேல்லை. அதிலைதான் இந்த வைப்பு. கடையோ? கடை இருந்தவன் களவெடுப்பானோ?"

அந்தப் பை எனக்குத் தெரியும். சாக்குத் துணியில் தைத்தது, இரண்டு காது. ஒரு காதை அண்ணை பிடித்தார், மற்றக் காதை நான் பிடித்தேன். அந்த மழையில், அந்தச் சனத்துக்குள்ளே, பசியோடு அதைத் தென்மராட்சிக்குக் காவிக்கொண்டு போனோம். வழியில் ஒரு பாண் வாங்குவோம் என்று நான் கேட்டதற்கு, "இது எங்கடை காசில்லை" என்று அண்ணை சொன்னார். முதலாளியின் மைத்துனரைத் தேடிப் பிடித்து, எண்ணி ஒப்படைத்தார். எண்ணியவன் நான். ஒரு ரூபாய் குறையவில்லை. அண்ணையின் வாழ்க்கையில் அச்சில் ஏற்றத்தக்கதாக நடந்தது அது ஒன்றுதான். மலரின் நாற்பத்தெட்டுப் பக்கத்திலும் அது இல்லை. மகனுக்குத் தெரியாது, புலவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அடுத்தவன் காசைத் திருப்பிக் கொடுத்த கணக்கப்பிள்ளையைப் பற்றி யார் பாட்டு எழுதுவார்கள்?

நான் வாயைத் திறந்தேன். மச்சாளின் கை மேசைக்குக் கீழே என் துடையில் அழுத்தியது. நான் மூடிக்கொண்டேன்.

அந்த மனிதர் இரண்டு காதையும் பொத்தவில்லை, அவ்வளவுதான். முகம் வெளிறிவிட்டது. கதிரையில் அமர்ந்து, லாச்சியைத் திறந்து, மூடி, திரும்பவும் திறந்தார்.

"றோட்டிலை… சனம் செத்துக்கொண்டிருக்கேக்கையோ, அம்மா?"

"ஓம்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"அவரோடை நடந்தனான்."

அவர் பேனையை எடுத்தார். விரலை நக்கவில்லை. பாட்டுப் பாடவில்லை. வாடகை, லொறிக் கூலி எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வெட்டினார். வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி, என் பக்கம் தள்ளினார். பாக்கி இல்லை, வைப்பை விடலாம். எட்டு மாதமாக நடந்த காரியம், ஒரு தேத்தண்ணி ஆறுவதற்கு முன் முடிந்துவிட்டது. இந்தத் தரம் அவர் எழுந்து நிற்கவுமில்லை, கும்பிடவுமில்லை.

படி இறங்கும்போது, பாதி வழியில் மச்சாள் நின்றுவிட்டார்.

"தம்பி, நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"என்னத்தை?"

"பொய்யெண்டு. உவர் ஒருத்தர்தானே அவரைப் பாட்டாப் படிச்சவர். உவற்றை மனசிலை அவர் உப்பிடிக் கிடக்கப்படாது."

"மச்சாள், உங்களுக்கு விசரே? கடிதத்தைத் திருப்பி வாங்கிப்போடுவார்."

"வாங்கட்டும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலே ஏறினார். இன்னொரு படி. அப்போதுதான் அந்த மனிதர் படியின் தலைப்பில் வந்து நின்றார். எங்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் அண்ணையின் மலர். அதை விரலால் தொடாமல், லேஞ்சியால் சுற்றிப் பிடித்திருந்தார். இரண்டு படி இறங்கி வந்து நீட்டினார்.

"அம்மா, குறை நினைக்கப்படாது. இதை நான் இனி வச்சிருக்கேலாது. வீட்டிலை உள்ளதைத் தபாலிலை அனுப்பிவிடுறன்."

மச்சாளின் உதடு அசைந்தது. நெற்றியில் அந்த மஞ்சள் இன்னும் உதிரவில்லை. அவர் அந்த மனிதரைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் கடிதம் இருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"சரி, ஐயா" என்றார் மச்சாள். மலரை வாங்கி, படம் உள்ளே இருக்கும்படி மடித்து, சீலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மனிதர் மேலே ஏறிப் போய்விட்டார். லேஞ்சியை உதறுகிற சத்தம் கேட்டது.

நான் ஓர் ஓட்டோ பிடித்தேன். வங்கிக்கு முன்னால் இறங்கியதும் மச்சாள் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அந்தக் கட்டடத்துக்கு அவர் அதற்கு முன் வந்ததேயில்லை. அண்ணைதான் வருவார். கண்ணாடிக் கதவுகளை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எந்த வாசலாலை போறது, தம்பி?" என்று கேட்டார்.